பெண்கள் இருக்கையில் ஒரு பிணம்

சேவூர் பக்கம் ஏதோ பேய்ப்படம் எடுக்கிறார்கள். பட்டாளத்தார் சுட்டுத் தள்ளத் தள்ள, செத்த எதிரிகள் எழுந்து வருவார்களாம்.

அப்படிச் செத்த ஒருவர், உடம்பெல்லாம் ரத்தச் சாயத்தோடு, இன்று டவுன் பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நானோ சந்தனநிறப் பட்டில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"எழுந்திருங்க, இது லேடீஸ் சீட்."

"காலையிலேர்ந்து செத்துகினே கீறேம்மா. காலு வலிக்குது."

"செத்தவங்களுக்கு உட்கார எதுக்கு இடம்? போய்ப் படுங்க."

எழுந்து மேல்கம்பியைப் பிடித்தார். அவர் முழங்கையிலிருந்து சாயம் என் புடவை முழுக்கச் சொட்டியது.

கல்யாண மண்டபத்தில் நெசவுக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "பொடவையில புட்டாப் பூ புதுசா கீதே! எந்தத் தறியில போட்டதுங்க?"

கறை என்று சொல்ல என் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்பெஷல் ஆர்டர்" என்றேன்.

நாளை டிசைன் கேட்டு வீட்டுக்கே வருவார்கள். எந்தச் சுடுகாட்டுக்கு அனுப்பட்டும், நீங்களே சொல்லுங்கள்.