காற்றடித்தால் நிற்கும் காற்றாலை

சுவிட்சை நான் இழுத்து நிறுத்திய அந்த மத்தியானம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் பிற்பாதி. குற்றாலத்தில் சீசன். கணவாய் வழியாக வந்த காற்று தென்காசிக்குக் கிழக்கே தென்னைகளை வளைத்துக்கொண்டிருந்தது. நான் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர். காற்று பலமாக அடித்தால் கிராமத்து லைனை நிறுத்திவிடுவேன். கிளை விழுந்து கம்பி அறுந்தால் ஆள் சாவான். எழுதி வைத்த உத்தரவு எதுவும் கிடையாது. பழக்கம்தான்.

அந்த லைனில்தான் சோதனைக்காக ஒரு காற்றாலையை இணைத்திருந்தார்கள். பொறுப்பு ஓர் இளம் பெண் பொறியாளருக்கு. அந்த சீசனில் ஓடிக் காட்டாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். லைனில் கரண்ட் இருந்தால்தான் அந்த ஆலை கரண்ட் தரும். லைன் செத்தால் அதுவும் நின்றுவிடும். எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை.

அன்று அந்தப் பொறியாளர் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, காத்து வாறப்பல்லாம் நீங்க லைனை அணைச்சா, என் காத்தாடி என்ன நேர்த்திக்கடனுக்கா நிக்குது?”

“கம்பி அறுந்து ஒருத்தன் செத்தா நீங்களாம்மா பதில் சொல்லுவிய?” என்று கத்தினேன்.

அவர் மறுநாள் லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு, லைன்மேன்களோடு கம்பி போகும் வழியெல்லாம் நடந்து, உரசும் கிளைகளை வெட்ட வைத்தார். ஒரு தோப்புக்காரி மறித்தாள். “ஏட்டி, என் புளியில கை வச்சே, கரண்டாபீசுல வந்து உக்காந்துருவேன்.”

“வாங்க ஆச்சி, ஃபேன் போட்டு விடுதேன்” என்றார். அவளே சிரித்துவிட்டாளாம்.

அதன்பிறகு நான் லைனை அணைக்கவில்லை. ஆலை ஓடியது. ஆனால் சீசனில் பாதி போயிருந்தது.

மேலதிகாரி வந்து, முதல் மாதம் ஆலை ஏன் அடிக்கடி நின்றது என்று கேட்டார். அணைத்த நேரமெல்லாம் பதிந்திருந்த என் லாக் புத்தகத்தைக் காட்டியிருந்தால் அந்த அம்மா தப்பித்திருப்பார். என் வேலைக்குத்தான் ஆபத்து. அவரோ, “மிஷின்ல கோளாறு சார்” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யாருடைய பிச்சையும் எனக்கு வேண்டாம். “பொய் சொல்லுதாங்க சார். மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு. அணைச்சதெல்லாம் நான்” என்று புத்தகத்தை மேசையில் போட்டேன்.

எனக்கு மெமோ வந்தது. ஆலைக்கு இன்னொரு சீசன் கிடைத்தது. அன்று அறையை விட்டு வெளியே வந்ததும் அவர், “உங்கள யாரு அண்ணாச்சி கேட்டா?” என்று என்னைத் திட்டினார்.

இன்று பாவூர்சத்திரம் தாண்டினால் வரிசையாகக் காற்றாலைகள். அவை தானாக முளைத்தவைபோல ஆட்கள் பேசும்போது எரிச்சல் வருகிறது. என் சோற்றுக்காகத் தன் ஆலையையே விட்டுக்கொடுக்கப் பார்த்தவர் அவர். அவரைத்தான் அந்த ஒரு மாதமும், “காத்தாடி விடுத பிள்ள” என்று ஷிப்டில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டிருந்தேன்.