அடியை மறந்த கணக்கு

செம்பனை எண்ணெய் ஆலையில் பேனல் பார்ப்பது என்றால், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு வேர்ப்பது. இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிற அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரெம்பாவ் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஆலையின் பாய்லர் பழத்து நாரிலும் ஓட்டிலும் எரிகிறது. அடுப்புத் தட்டில் நார் அளவுக்கு மேல் விழுந்தால் உள்ளே மூச்சு முட்டி, கதவைத் திறக்கிற ஆள்மேல் நெருப்பு பாயும். அந்தக் கதவைத் திறக்கிற ஆள் என் வீட்டுக்காரர் சரவணன். அளவு தாண்டினால் சைரன் அடிக்கவைக்கிற பேனல் என் பொறுப்பு. ஒரு பெண்டாட்டிக்கு இதைவிட என்ன தலையெழுத்து வேண்டும், சொல்லுங்கள்!

ஐம்பது, இருபத்து மூன்று ஆனது

பாய்லர் சீமையிலிருந்து வந்த பழைய சாமான். அதன் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு. ஒரு சதுர அடிக்கு, ஒரு மணி நேரத்தில், ஐம்பது பவுண்டு நார். அதற்குமேல் கூடாது என்று அதில் வெட்டியிருக்கும். புதிதாக வந்த பேனலோ சதுர மீட்டருக்கு மணிக்கு எத்தனை கிலோ என்று கேட்டது. எங்கள் என்ஜினியர் குணசீலன் லோபாக்கிலிருந்து தினமும் கார் ஓட்டி வருகிறவர், தங்கமான பிள்ளை. போனில் தட்டிப் பார்த்து இருபத்து மூன்று என்று போட்டார். அவ்வளவுதான், சைரன் பிடித்துக்கொண்டது. ஒரு கைப்பிடி நார் விழுந்தாலும் அலறல். நான் ஒவ்வொரு அலறலுக்கும் துள்ளி எழுந்து, கண்ணாடி வழியாகச் சரவணன் முழுசாக நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு உட்காருவேன். மத்தியானத்துக்குள் முட்டியே கழன்றுவிட்டது.

கடைசியில் குணசீலனே கண்டுபிடித்தார். பவுண்டைக் கிலோவாக்கியவர் சதுர அடியைச் சதுர மீட்டராக்கவில்லை. ஒரு சதுர மீட்டருக்குள் பத்துக்கு மேல் சதுர அடி அடங்கிவிடும், சரியான எண் இருநூற்று நாற்பத்து நான்கு. "அடியைத்தான் மறந்துட்டேன்கா" என்று தலையைச் சொறிந்தார். மக்கான் மங்கோடு, சாப்பாட்டுத் தூக்கோடு, வாசலில் நின்ற சரவணன் சிரிக்காமல் கேட்டார்: "நீங்க அடிய மறந்தா, அடி யாருக்குத் தம்பி விழும்?"

சைரனுக்குக் கட்டிய கையுறை

எண்ணை மாற்றுகிற ரகசியக் குறி பேனல் கம்பெனிக்காரர்களிடம்தான் இருந்தது. முதல் எண்ணைப் போட்டதும் அது பூட்டிக்கொண்டதாம். கோலாலம்பூரிலிருந்து ஆள் வருகிறவரைக்கும் சைரன் கத்தட்டும் என்றார்கள். திடீரென்று சத்தம் அமுங்கிப்போனது. போய்ப் பார்த்தால், எங்களை மேய்க்கிற மண்டோர் ராமு அண்ணன் சைரன் வாய்க்குள் ஒரு கையுறையைத் திணித்து, மேலே துணி சுற்றிக் கட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி போட்டு ஏறி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். "இது பொய்க்குக் கத்துறப்பவே காதைப் பொத்திக்கிட்டா, நெஜமா கத்துறப்ப யாரு கேப்பா?" என்று சண்டை போட்டேன். அவர் அசரவேயில்லை. "பக்கத்து வீட்டுக் கோழி கூவுனா நீ எழுந்து பல்லு வெளக்குவியாலா, சுமதி?"

சத்தமே இல்லை

ஒருவழியாகப் பேனல் கம்பெனிப் பையன் பிரகாஷ் வந்தார். இருநூற்று நாற்பத்து நான்கு என்று போட்டார். சைரன் நின்றது. அப்பாடா என்று தேநீரை எடுத்து வாயில் வைத்தேன். இரண்டு மிடறு இறங்கியதும் கண் திரைப் பக்கம் போனது. பழ லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஆலை முழு வேகத்தில் ஓடுகிறது, நார் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கேமராவில் அடுப்புக்குள் குவியல் மேடாக ஏறிவிட்டது. திரையிலோ சீரோ பாயிண்ட் சீரோ எட்டு என்று காட்டுகிறது. இத்தனை நாருக்குச் சீரோவா? எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தேன். மணியைக் குறிக்கிற h இருக்கவேண்டிய இடத்தில் செகண்டைக் குறிக்கிற s இருந்தது. ஒரு செகண்டுக்கு இருநூற்று நாற்பத்து நான்கு கிலோ! மொத்த எஸ்டேட்டையே அள்ளிப் போட்டாலும் அந்தச் சைரன் வாயைத் திறக்காது.

அப்போதுதான் கண்ணாடி வழியே பார்க்கிறேன், சரவணன் கொக்கியோடு கதவுக்குப் போகிறார். கடவுளே! நார் வருவதை நிறுத்திவிட்டு வாக்கிடாக்கியில் கத்தினேன். "தொறக்காதீங்க! தள்ளுங்க, தள்ளுங்க!" அவர் ஏன் என்று கேட்கவில்லை, பக்கவாட்டில் தாவினார். கதவு இடுக்கிலிருந்து ஒரு ஆள் உயரத்துக்கு நெருப்பு வெளியே வந்துவிட்டு உள்ளே போனது. அவர் நின்றிருந்த இடம் கறுத்துப் போனது. நான் மேசையிலேயே தலையை வைத்து ஓவென்று அழுதேன். பிரகாஷ் முகத்தில் ரத்தமே இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரே ஒரு எழுத்துதான்கா மாறிருச்சு."

யார் அமுக்குவது?

பிறகு நானும் குணசீலனும் பிரகாஷும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். மூன்று பேருக்கும் அதே இருநூற்று நாற்பத்து நான்கு, மணிக்கு. பேனலில் போட்டாகிவிட்டது, பொத்தானை அமுக்கவேண்டியதுதான் பாக்கி. என் விரல் நகரவில்லை. குணசீலன் அமுக்க வந்தார், அவரையும் விடவில்லை. சரவணனை மேலே வரச்சொன்னேன். முகமெல்லாம் கரி, இடது புருவம் பாதி காணோம்.

"நம்பர் சரிதானே? அமுக்கு."

"மூணு பேரும் சேர்ந்து தப்பாப் போட்டிருந்தா?" அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "கீழ நிக்கிறது நீங்க. பயமே இல்லையா உங்களுக்கு?"

அவர் என் விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்தார். "இருக்குலா, யாருக்கு இல்ல? பேனல் கத்துதோ இல்லையோ, நீ கத்துவேல்ல, அத நம்பித்தான் கீழ நிக்கிறேன்."

பவுண்டைக் கிலோவாக்கி, அடியை மீட்டராக்கி, செகண்டை மணியாக்கி எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது; பயத்தை மட்டும் எந்த அளவில் போட்டாலும் அதே கனம்தான் காட்டுகிறது.