கராஜில் கிடந்த போத்தல்

பனி கரைந்ததும், காம்பிங்குக்கு இழுத்துப் போகும் எங்கள் பழைய ட்ரெயிலரில் தண்ணீரைத் திறந்தேன். குழாய்கள் மூன்று இடத்தில் வெடித்திருந்தன. ஐப்பசியில் கடைசியாக அதைக் கொண்டுபோனவன் என் மனைவியின் தம்பி. குளிருக்கு முன் அவன் தண்ணீரை வடிக்கவில்லை என்று வீடு அதிரக் கத்தினேன்.

சனிக்கிழமை அவன் வோபர்னிலிருந்து புதுக் குழாயோடு வந்து, சிங்க்குக்குக் கீழே ஈரத்தில் படுத்து வேலை செய்தான். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவியிடம், "பிழை என்ரதான் அக்கா," என்றான்.

குழாய் மூட்டில் சுற்றும் டேப் எடுக்க கராஜுக்குப் போனேன். அங்கே, குளிரில் உறைந்து வெடிக்காமல் குழாய்க்குள் விடும் அன்ரிஃப்ரீஸ் போத்தல் சீல் உடையாமல் இருந்தது. கண்டதும்தான் ஞாபகம் வந்தது. "நீ விடு, தண்ணி வடிக்கிறதை நான் பாக்கிறன்" என்று அவனிடம் அதை வாங்கி வைத்தவனே நான்தான். வெட்கமில்லாமல் அதை, பனிக்குத் தூவும் உப்புச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பினேன்.

டேப்பை வாங்கும்போது அவன் மெதுவாகச் சொன்னான்: "போத்தல் கராஜில கிடக்கு அத்தான். அக்கா காண முதல் எடுத்து ஒளிச்சுவிடுங்கோ."