தர்ஷினியின் சித்தியைத் தேடி லுணுகலைக்கு

காலை ஏழரைக்குப் பதுளையில் லுணுகலை பஸ் ஏறினேன். ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். மடியில் ஒரு கோப்பு. அரசாங்கப் பொறுப்பில் வளரும் பிள்ளைகளுக்காக அதிகாரிகள் எழுதும் பராமரிப்புத் திட்டங்களை வெளியாளாக இருந்து சரிபார்ப்பது என் வேலை. அவர்களுடைய அலுவலகத்தைச் சேராதவள் என்பதால்தான் என்னால் கேள்வி கேட்க முடிகிறது.

கோப்பிலிருந்த சிறுமியைத் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். பதினொரு வயது. சிறுவர் இல்லத்துக்கு வந்து இரண்டு வருடம். 'பொறுப்பேற்க உறவினர் இல்லை. வேறு மாவட்ட இல்லத்துக்கு மாற்றலாம்' என்றது திட்டம். முந்தைய நாள் அவளுடன் தனியாகப் பேசினேன்.

"லுணுகலையில சித்தி இருக்காங்க மிஸ். என்கிட்ட யாருமே கேக்கலையே."

பசறை தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. பக்கத்து சீட்டுப் பெண் கைக்குழந்தையை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணயர்ந்தாள். குழந்தை கோப்பின் ஓரத்தைச் சப்பத் தொடங்கியது. வெளியே வெயில் பட்டுத் தேயிலை மலைகள் பளபளத்தன.

ஒன்பதரைக்கு லுணுகலை. சித்தியின் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் சிரித்தார்.

"மேல் டிவிசன் சாந்தியக்காவா? கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பாங்க. பன்னெண்டு மணிக்கு நிறுக்க வருவாங்க, வாங்க போவோம்."

கொழுந்து நிறுக்கும் இடத்தில் காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வந்த சாந்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தர்ஷினி பெயரைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு தடவ ஆபீசுக்குப் போனேங்க. சிங்களத்துல ஒரு பாரம் குடுத்தாங்க. நிரப்பத் தெரியல. கூப்பிடுவோம்னாங்க, கூப்பிடவே இல்ல."

தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அவருடையது கடைசி வீடு. பின்னால் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. சாயந்தரம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று அவர் கணவரிடமும் கேட்டேன்.

"எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. இதுவும் எங்க புள்ளதாங்க" என்றார்.

அந்தப் பாரத்தை எடுத்து வரச் சொல்லி, அடுப்படியிலேயே உட்கார்ந்து மூவரும் நிரப்பினோம்.

முடிவெடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. திட்டத்தைத் திரும்பப் பார்க்கும்படி காரணத்தோடு எழுதலாம். நான்கு மணிக்குப் பதுளையில் பொறுப்பதிகாரி நான் எழுதிக் கொடுத்ததை வாசித்து முதலில் முகம் சுளித்தார். இரண்டாம் முறை வாசித்தபின் இடமாற்றத்தை நிறுத்திவைத்தார். சனிக்கிழமை சித்தி வந்து பார்க்கவும் அனுமதித்தார்.

இல்லத்துக்குப் போய்த் தர்ஷினியிடம் சொன்னேன்.

"என்னைய அவங்களுக்கு அடையாளம் தெரியுமா மிஸ்? நான் வளந்துட்டேன்ல?"

"உன் பேரச் சொன்னதுக்கே அழுதாங்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

பண்டாரவளையில் வீடு சேர்ந்தபோது என் மகள்கள் ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்த வீட்டில் வளர வேண்டும் என்று யாரும் கோப்பு எழுதியதில்லை. அன்று நான் அந்தச் சண்டையை விலக்கவில்லை.