மூன்று நாள் எழுதாத ரிப்போர்ட்

ஹைதராபாத் மல்லாபூரில் வென்டிலேட்டருக்கு கேபிள் செட் செய்யும் கம்பெனியில் நான் தரம் பார்க்கும் க்யூ.சி. இன்சார்ஜ். வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாவது வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புல் டெஸ்டரைத் துடைக்கும்போது அதன் அளவு சரியா என்று சோதித்து ஒட்டும் கேலிபரேஷன் ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. தேதி முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வயர் நுனியில் இறுக்கிய உலோக டெர்மினல் இழுத்தால் கழன்று வருகிறதா என்று பார்க்கும் மெஷின் அது. அந்த இடைவெளியில் ஒரே ஒரு லாட்தான்; முந்தின வாரம் அதில் நாற்பது செட்டை பாஸ் செய்து கையெழுத்துப் போட்டிருந்தேன். "முதல்ல ஸ்டிக்கரைப் பாரு, அப்புறம் சுவிட்சைப் போடு" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்!

செய்ய வேண்டியது என்ன என்று தெரியும். என்.சி.ஆர்., அதாவது தவறு நடந்ததை எழுதித் தரும் ரிப்போர்ட். ஒரே பக்கம்தான். எழுதினால் லாட் நிற்கும், மறுபடி டெஸ்ட் நடக்கும். வெள்ளிக்கிழமை டிஸ்பாட்ச்.

நான் எழுதவில்லை. இரண்டு வருடமாகக் கிடந்த ஆடிட் ஃபைல்களை அடுக்கினேன். வெர்னியர் அளவுகோல் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன். பேனா ஸ்டாண்டைக் கூடக் கழுவினேன். ஃபார்மைக் கையில் எடுத்தாலே, 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தில் என் பெயர் வருமே என்று காது சுட்டது. உடனே வேறு ஒரு அவசர வேலை கிடைத்துவிடும்.

வியாழன் சாயங்காலம் மேனேஜர் தங்கவேல் சார் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஹைதராபாத்தில் முப்பது வருடம்.

"என்னம்மா சுமதி, பழைய ஃபைலெல்லாம் முடிச்சுட்டீங்களா! ஆடிட்டர் பாத்தா அசந்துருவாருங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை.

"சார், நாளைக்குப் போற லாட்டை நிறுத்துங்க. டேட் முடிஞ்ச டெஸ்டர்ல பாஸ் பண்ணிட்டேன். செவ்வாய்க்கிழமையே தெரியும்."

டெஸ்டரிடம் போய் ஸ்டிக்கரைக் குனிந்து பார்த்தார். "மூணு நாளா டைம் இல்லைங்களா?"

"டைம் இருந்துச்சு சார். வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமெல்லாம் நக்கோம்மா." வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தில் 'நக்கோ'. " ஃபார்மை எடுங்க. கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கறேன்."

பதினோரு நிமிடத்தில் எழுதி முடித்தேன். மறுநாள் தேதி முடியாத இன்னொரு டெஸ்டரில் நாற்பதையும் இழுத்துப் பார்த்தோம். முப்பத்தெட்டு நின்றன. இரண்டில் டெர்மினல் கழன்று தனியே வந்தது. எந்த ஐ.சி.யூ.வில், யாருடைய கட்டிலருகே அது கழன்றிருக்குமோ என்று நினைத்து ஷாப் ஃப்ளோரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகச் சேரும் இன்ஸ்பெக்டர்களுக்கு முதல் நாளே அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்துவிடுகிறேன், பெயரை மறைக்காமல். யாராவது "மேடம், டைம் கிடைக்கலை" என்று இழுத்தால், "யார்கிட்ட சொல்லக் கூச்சமா இருக்கு?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அன்றைக்கே ரிப்போர்ட் மேஜைக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கில் பாஸ் போட்டிருக்கிறேன். என் பெயரை நானே எழுதி நிறுத்திய அந்த நாற்பதுதான் எனக்குப் பெருமை.