ஜீப்பைத் தாழ்த்தியது நான்தான்

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பைபாஸ் ஓரம் முள்ளும் பாறையுமாகக் கிடந்த இடத்தில் லாரிப் பட்டறை கட்டினேன். தண்ணீர் வராது என்று எல்லோரும் கைவிரித்த நிலத்தில் போர் போட்டுத் தக்காளி எடுத்தேன். மாடி வைத்து வீடு கட்டினேன். ஏலத்தில் எடுத்த ஓட்டை ஜீப்பைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டி ஓடவிட்டேன். இத்தனைக்கும் நான் படித்தது ஐந்தாவது. அதிலும் பாதி நாள் போகவில்லை.

பட்டறையில் எனக்கு வேலை பட்டை அடிப்பது. லாரிக்கு அடியில் வில் போல வளைந்து அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள் இருக்குமே, அதுதான் பட்டை. பாரத்தைத் தாங்குவது அதுதான். "வண்டி படுத்துப்போச்சுங்க, தூக்கிக் குடுங்க" என்று கேட்டுத்தான் எல்லா டிரைவரும் வருவார்கள். ஆயுசு முழுக்க நான் வண்டியைத் தூக்கித்தான் பேர் வாங்கினேன். இறக்கிக் கொடு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டது என் மனைவி ஒருத்திதான். அவளும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஜீப்பில் ஏற முடியாமல் ஸ்டூல் போட்டோம். ஸ்டூல் ஆடியது. என் மச்சான், அதாவது அவளுடைய தம்பி, பின்னால் நின்று தோளைக் கொடுத்துத் தள்ளினார். மண்டபத்து வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: "மூட்ட ஏத்துற மாதிரி ஏத்திட்டீங்க. இனிமே இந்த வண்டியில நான் கால் வெக்க மாட்டேன்."

சொன்னபடியே எங்கேயும் வரவில்லை. அப்படி இருக்கும்போது பென்னாகரத்தில் மகள் புது வீடு கட்டி, பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டாள். தாய்வீட்டுச் சீர் போக வேண்டும். தாயே போகாமல் சீர் போனால் நன்றாகவா இருக்கும்?

"வாடகக் கார் புடிக்கலாம்" என்றேன்.

"சொந்த வண்டிய வூட்டுல நிறுத்திட்டு அடுத்தவன் கார்ல போய் எறங்குனா, மக வூட்டு சனம் என்ன பேசும்?"

"படி ஒண்ணு வெல்டு வெச்சுத் தரட்டுமா?"

"அதுலயும் கால மடக்கித்தான ஏறணும்?"

அவள் சொன்னதும் நியாயம்தான். படியை மேலே ஏற்றிப் பயனில்லை, வண்டியைத்தான் கீழே இறக்க வேண்டும். டவுனில் கார்களைத் தாழ்த்தித் தரும் கடை ஒன்றில் போய் விசாரித்தேன். அங்கே சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய ஜீப்பே வாங்கிவிடலாம். கும்பிடு போட்டுவிட்டு வந்து, என் ஜீப்புக்கு நானே ஜாக்கி வைத்தேன்.

நான்கு சக்கரத்துப் பட்டையையும் கழற்றினேன். ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு தகட்டை உருவினேன். மிச்சத் தகடுகளைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவைக் குறைத்தேன். ஓங்கி ஒரு அடி அடித்தால் தகடு விரிசல் விட்டுப்போகும், மெதுவாக அடித்தால் அசையாது. அந்தக் கணக்கு என் தோளுக்குத் தெரியும். குட்டையான ஷாக் அப்சார்பர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. எல்லாவற்றையும் பூட்டி இறக்கியதும் ஜீப் அரைச் சாணுக்கு மேல் தாழ்ந்து நின்றது. அவளைக் கூப்பிட்டேன். சீட்டில் அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் இருந்தன.

"ம்" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்தாலே மெடல் குத்தின மாதிரி.

புறப்படுகிற அன்றைக்குத்தான் கூத்து. பட்டறையில் அவள் ஒருத்தியை உட்கார வைத்துத்தான் உயரம் பார்த்திருந்தேன். இப்போது சீர் ஏறியது. அரிசி மூட்டை, ராகி மூட்டை, பித்தளை அண்டா, பலாப்பழம், திருஷ்டிப் பூசணி. "புளியும் ஒரு கூடை இருக்கட்டும்" என்றாள். அதன் மேல் மச்சானும் அவர் மனைவியும் ஏறினார்கள். மகன் ஓட்டினான். லாரிக்காரர்களிடம் ஓவர்லோடு ஏற்றாதே என்று தினமும் கத்துகிறவன் என் வீட்டுச் சீரை மறந்துவிட்டேன்.

நல்லம்பள்ளி தாண்டி முதல் வேகத்தடையிலேயே சைலென்சர் தரையில் உரசிச் சர்ரென்று கத்தியது.

"மாமா, வண்டி அழுவுது!" என்றார் மச்சான்.

"அழுவுறது உன் பாரத்துக்குய்யா. எறங்கு."

ஓட்டுகிற மகனை விட்டு எல்லோரும் இறங்கினோம். மனைவி மட்டும் அசையவில்லை.

"நீயும் சித்த எறங்கேன்."

"எனக்குன்னுதான எறக்குனீங்க? நான் எதுக்கு எறங்கணும்?"

ஜீப் சீரோடு அவளை மட்டும் சுமந்து மேட்டைத் தாண்டியது. நாங்கள் நடந்து தாண்டி ஏறிக்கொண்டோம். அடுத்த மேட்டிலும் அதே கதை. அந்த ரோட்டில் இத்தனை வேகத்தடை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மச்சான் மனைவி சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் என் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் வீட்டுத் தெரு முனையிலும் ஒரு மேடு. இறங்கியவர்கள் இனி ஏறி என்ன என்று பித்தளை அண்டாவையும் பலாப்பழத்தையும் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் நடந்தோம். தெருவே பார்த்தது. முன்னால் தாழ்ந்த ஜீப்பில் அவள், பின்னால் சீர் ஏந்தி நாங்கள். வாசலில் நின்ற மேளக்காரர்கள் ஊர்வலம் என்று நினைத்து எதிரே வந்து வாசித்தார்கள்!

ஜீப் நின்றது. யாரும் கை கொடுக்கவில்லை. அவளே காலைத் தரையில் ஊன்றி, சேலையைச் சரி செய்து, எழுந்து நடந்தாள். மகள் ஓடி வந்தாள். "யம்மா, நீயாவா எறங்கி வர?" கேட்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஹோமப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பால் பொங்கியது. பந்தியில் பெண்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டு, முழங்கால் எப்படிச் சரியானது என்று கேட்டார்கள். என் மனைவி கூசாமல் சொன்னாள்: "எந்தம்பி ஒரு தைலம் குடுத்தான். அதத் தேச்சேன்."

மச்சான் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார்.

இன்றைக்கும் சொந்தத்தில் அதே பேச்சுதான். தைலம் கேட்டு ஆள் வருகிறது. அதனால் இதை எழுதுகிறேன். சொந்தக்காரர்களே, தைலத்துக்கு மணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுடைய கால் தரையைத் தொட்டது நான் பட்டை உருவியதால். மகள் வீட்டில் அடுத்த விசேஷம் வருகிறது. அன்றைக்குப் பந்தியில் எல்லோர் முன்னாலும், மச்சான் காதில் விழும்படி, அவள் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உருவிய தகடுகள் பட்டறையில் பத்திரமாகத்தான் இருக்கின்றன, திரும்பப் பூட்டிவிடுவேன்.