சுற்றி உட்கார்ந்த ஊர்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அங்கே பெண்கள் பள்ளி விடுதியில் படித்தபோது பாட்டுக்குழுவில் சேர்ந்தேன். படிப்பு முடிந்ததும் அந்தக் குழுவையே நடத்தும் வேலை கிடைத்தது. ஒரு கூட்டம் மேல்குரலிலும் இன்னொரு கூட்டம் கீழ்க்குரலிலும் ஒரே பாட்டைப் பாடும். எதிரே நின்று கையசைவால் அவர்களைச் சேர்த்து அழைத்துப் போக வேண்டியது என் வேலை. இந்த நிலையில் கல்யாணம் ஆயிற்று. கணவருக்குக் கொல்லிமலையில் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை.

அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்துதான் ஏறினோம். என் ஆர்மோனியத்தைத் தலையில் சுமந்து வந்தவர் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். பாட்டு என்றேன். பாட்டு இவ்வளவு கனமா என்று சிரித்தார்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்குப் பாட்டு டீச்சர் வேலை கொடுத்தார்கள். பிள்ளைகளைவிட, அவர்களைக் கூப்பிட வரும் அம்மாக்கள்தான் நின்று கேட்டார்கள். களையெடுக்கும்போது பாடிப் பழகிய குரல்கள். மாலையில் வாருங்கள் என்றேன், வந்தார்கள். கீழ்க்குரலுக்கு அவர்களுடைய கணவன்மார் சிலரும் கூச்சத்தோடு சேர்ந்தார்கள்.

என் பேச்சுதான் முதலில் இடித்தது. பயிற்சி நடுவே சலசலப்பு எழுந்தபோது, “கதைக்காதேங்கோ” என்றேன். எங்கள் ஊரில் அதற்குப் பேசாதீர்கள் என்று அர்த்தம். முன்வரிசைப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

“நாங்க எங்கீங்க கதை சொன்னோம்? பாட்டுத்தானுங்க பாடுனோம்” என்றாள்.

அர்த்தத்தைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்களே ஒருவரையொருவர் ‘கதைக்காதேங்கோ’ என்று அடக்கத் தொடங்கினார்கள்.

நான் கொண்டுவந்த பாட்டுகள் அவர்கள் வாயில் உட்காரவில்லை. ஆகவே புதிதாக நானே ஒன்று கட்டினேன். பலா மரத்தில் மிளகுக்கொடி ஏறுவதைப் பற்றியது. கொடிக்கு மேல்குரல், மரத்துக்குக் கீழ்க்குரல். மழைக்காலத்தில் ஆர்மோனியக் கட்டைகள் ஊறி எழும்ப மறுத்ததால் வெறும் வாயாலேயே சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன் நான் பாட்டுக் கட்டியதே இல்லை.

சாமை அறுவடை முடிந்து ஊர் கூடிய நாளில் முதல்முறையாகப் பாடினோம். ஊர்ப் பெரியவரும் குண்டூர் நாட்டிலிருந்து வந்த விருந்தாளிகளும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் நான் அவர்களுக்கு முதுகு காட்டி, பாடுகிறவர்களைப் பார்த்து நின்று கையை உயர்த்தினேன். பாட்டு தொடங்கிய உடனே பெரியவர் எழுந்து அருகில் வந்தார். பாட்டு நின்றுவிட்டது.

“ஏனுங்க டீச்சரம்மா, எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா? முதுகைக் காட்டிட்டு நிக்கறீங்களே” என்றார் மெதுவாக.

நான் சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். “கோவமில்லை ஐயா. இவையள் என்ரை கையைப் பார்த்துத்தான் பாடுவினம். அதுக்காகத்தான் இப்பிடி நிக்கிறன்.”

அவர் சற்று யோசித்தார். “அப்படீன்னா நாங்க அந்தப் பக்கமா வந்து உக்காந்துக்கறோமுங்க” என்று சொல்லிவிட்டு, பாடுகிறவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போயிற்று. மீதிப் பேர், பாடுகிற தங்கள் பெண்டாட்டி முகம் தெரியாது என்று இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சிலர் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். பார்த்தால், ஊர் முழுக்க எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

பாடுகிறவர்களையும் வட்டமாக நிற்கச் சொல்லி நான் நடுவில் நின்றேன். கொடி ஒரு பக்கம், மரம் எதிர்ப்பக்கம். விடுதி மண்டபத்தில் ஒருநாளும் இரண்டு குரலும் இப்படி என் மேல் வந்து சேர்ந்ததில்லை. அதன்பின் நான் கட்டிய பாட்டெல்லாம் வட்டத்துக்கென்றே கட்டியவை. ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் பதில் சொல்லும்.

மலையில் மிளகு வாங்க வரும் காளப்பநாயக்கன்பட்டி பாய் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, தன் ஊரில் பள்ளிக்கூடம் திறந்தபோது எங்களைக் கூப்பிட்டார். பந்தலில் மேடையும் வரிசையாக நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். நான் தயங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தையும் மறுக்காமல் ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலிகளைச் சுற்றிலும் போடச் செய்தார். மேடை காலியாகக் கிடந்தது. தலைமை தாங்க வந்த அதிகாரி முதலில் எங்கே உட்காருவதென்று விழித்தார்; பிறகு மிளகுப் பாட்டை இன்னொரு தரம் பாடச் சொன்னார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன் அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். நான் படித்த பள்ளிக்கே பாட்டு டீச்சர் தேடுகிறார்களாம். பெரிய மண்டபம், புதுப் பியானோ. மருமகனுக்கும் அங்கே வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசியிருந்தார்கள். பியானோ என்றதும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று நாள் வேறு நினைப்பே இல்லை. கணவர், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

கிளம்பும் நாளன்று அண்ணா கேட்டார்: “என்ன முடிவு, பிள்ளை?”

“நான் வரேல்லை, அண்ணா. குண்டூர் நாட்டிலையும் இப்ப ஒரு குழு சேர்ந்திட்டுது. இரண்டு குழுவும் சேர்ந்து பாட ஒண்டு கட்டிக்கொண்டிருக்கிறன்.”

அவர் வற்புறுத்தவில்லை. நேற்று மாலை கேட்டது அதுவா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அடிவாரம் வரை போய் அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பி ஏறினேன். பாதி மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்து இளைப்பாறியபோது, பல நாளாகப் பிடிபடாமல் இருந்த இரண்டாவது அடி தானாக வந்துவிட்டது. மறந்துவிடக் கூடாதே என்று சத்தமாகப் பாடிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.